நாள் எண்ணும் வீடு

கலகெதரவில் என் அண்ணன் வீட்டில் எனக்கென்று ஒரு பாய் இருந்தது. கேட்கிறவர்கள் என்ன பாசமான குடும்பம் என்று நினைப்பார்கள். அந்தப் பாய் குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கி வைத்த சாய்ப்பில், சுவரோடு சுருட்டி நிறுத்தியிருக்கும். பக்கத்தில் நெளிந்த அலுமினியத் தட்டு ஒன்று, தம்ளர் ஒன்று. மாதவிலக்கான பெண் அந்தப் பாயில்தான் இருக்க வேண்டும், அந்தத் தட்டில்தான் சாப்பிட வேண்டும், தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அண்ணியும் மாதாமாதம் மூன்று நாள் அதில் இருந்தவர்தான். ஆனால் மூன்று நாள் முடிந்து தலை முழுகிவிட்டு எழுந்து போய்விடுவார். எனக்கு அது பன்னிரண்டு நாளும் போகும், பதினைந்து நாளும் போகும். கண்டியிலிருந்து நான் போகிற நேரமெல்லாம் பெரும்பாலும் அந்த நாளாகவே இருக்கும், அதனால் அதை எல்லோரும் என் பாய் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பாயின் நாற்றம், ஈர விறகும் மண்ணெண்ணெயும் கலந்த நாற்றம், இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் குமட்டும்.

என் நெஞ்சுக்குள் உலோக வால்வு ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தின் கதவொன்றை அரித்துவிட்டது. கல்யாணமாகி இரண்டாம் வருடம் கொழும்பில் நெஞ்சைத் திறந்து இதை வைத்தார்கள். அதில் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இரத்தத்தை இளக்கும் மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட வேண்டும். சாகும் வரைக்கும். மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, மாத்திரை இல்லாவிட்டால் எனக்கு ஆகாது, அதனால் பிள்ளை வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நல்லது, சரி என்று வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

வால்வு சத்தம் போடும். மூடித் திறக்கும்போதெல்லாம் டிக், டிக் என்று. அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். நான் வேலை பார்க்கும் கந்தோரில் ஒருத்தர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்திருக்கிறார். முதல் வருடம் அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன். என் உடம்புக்குள் யாரோ வாடகைக்கு இருந்துகொண்டு நகம் கடிப்பது மாதிரி இருக்கும். 

மாத்திரையின் கூத்து அதைவிடப் பெரிது. நீலம் ஒன்று, மண்ணிறம் ஒன்று. மாதம் ஒரு தடவை பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்க வேண்டும். விடியவே போய் நம்பர் துண்டு எடுத்து, வாங்கில் நெருக்கி உட்கார்ந்தால், ஒரு பக்கம் ஸ்பிரிட் நாற்றம், மறுபக்கம் யாரோ மடியில் வைத்துத் தின்னும், மீன் வைத்த மாலு பாணின் நாற்றம். ஊசி எடுத்த இடத்தை மற்றவர்கள் ஒரு நிமிடம் அமுக்கிவிட்டு எழுந்து போவார்கள். நான் கால் மணி நேரம் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படியும் அடுத்த நாள் முழங்கையைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறத்தில் பரவியிருக்கும். கீரையையும் அளந்துதான் தின்ன வேண்டும். ஒரு நாள் வல்லாரைச் சம்பலை அள்ளித் தின்றால் இரத்தம் தடித்துவிடும், ஒரு வாரம் தொடாமலே இருந்தால் இளகிவிடும். கந்தோரில் ஒருத்தி பீட்ரூட் என்பாள், இன்னொருத்தி கறிவேப்பிலையை அரைத்து வெறும் வயிற்றில் விழுங்கு என்பாள். யாராவது இதைச் சாப்பிடு என்று வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பஸ்ஸில் போவது இன்னொரு தண்டனை. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறி கலகெதரவுக்குப் போவதற்குள் வளைவுக்கு வளைவு கம்பியில் இடிபடுவேன். இடித்த இடமெல்லாம் நீலம் பாயும். ஒரு தடவை மேல்கையில் நான்கு விரல் அகலத்துக்குக் கன்றிப்போய்க் கந்தோருக்குப் போனேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மத்தியானம் என்னைத் தனியே கூப்பிட்டு, எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே, பொலிஸில் தெரிந்தவர் இருக்கிறார் என்றார்கள். புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் என் புருஷன் எறும்பை மிதித்தாலும் இரண்டு நாள் வருத்தப்படுகிறவர். அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், ஒரு வாரம் என்னைக் கூட்டிப்போகக் கந்தோர் வாசலுக்கு வரவே மாட்டேன் என்று தெருமுனையில் நின்றார்.

இதெல்லாம் போகட்டும். மாதவிலக்குத்தான் பெரிய சீரழிவு. இரத்தம் இளகிப்போனால் எல்லா வழியாலும்தான் இளகி வரும். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். துணிக்கு மேல் துணி வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறேன், சீட் கிடைத்தாலும் உட்காராமல். கதிரையை விட்டு எழும்பும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு என் மேலேயே சீ என்று இருக்கும். அது போதாதென்று அண்ணன் வீட்டில் அதற்கு ஒரு கணக்கு வேறு. குசினிச் சுவரில் மாட்டியிருந்த கடைக் கலண்டரில் அண்ணி பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைத்திருப்பார். தன்னுடையதை மட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பார்த்தால், என்னுடைய நாட்களும் இருந்தன. நான் எப்போது வந்தால் உள்ளே விடலாம், எப்போது வந்தால் சாய்ப்புக்கு அனுப்பலாம் என்று தெரிய வேண்டுமல்லவா. எனக்கு வந்த ஆத்திரத்தில் கலண்டரைக் கிழித்திருப்பேன். கிழிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வீட்டுக்கு நான் போனது ஒரே ஒரு ஆளுக்காக. அண்ணனின் ஒரே மகள். நான் கொழும்பிலிருந்து நெஞ்சில் தையலோடு திரும்பியபோது அவளுக்கு மூன்று வயது. என் மடியில் ஏறி, நெஞ்சில் காதை வைத்து, அத்தைக்குள்ளே யாரோ கதவு தட்டுறாங்க என்றாள். அதற்குப் பிறகு அது அவளுடைய விளையாட்டாகிவிட்டது. எண்ணக் கற்றுக்கொண்டதே என் நெஞ்சில்தான். டிக் என்றால் ஒன்று, டிக் என்றால் இரண்டு. இருபத்தொன்பதுக்குப் பிறகு எப்போதும் நாற்பதுக்குத் தாவிவிடுவாள், திரும்ப முதலிலிருந்து தொடங்குவோம். அவள் காது என் நெஞ்சில் இருக்கும் நேரத்தில் மட்டும் அந்தச் சத்தம் எனக்கு வெறுக்கவில்லை. ஆனால் பாயில் இருக்கும் நாட்களில் அவளை என் பக்கம் விடமாட்டார்கள். சாய்ப்பு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவாள்.

அவளுக்குப் பன்னிரண்டு முடியுமுன் ஒரு நாள், தன் கடைக்குச் சாமான் எடுக்கக் கண்டிக்கு வந்த அண்ணன், என் புருஷனின் கடையில் நின்று செய்தி சொல்லிவிட்டுப் போனான். மகள் பெரியவளாகிவிட்டாள், பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றுகிறோம், அத்தைதான் முதல் குடம் ஊற்ற வேண்டும், தங்கச்சியிடம் சொல்லுங்கள் என்று.

முதல் தண்ணீர் அப்பாவோடு பிறந்த அத்தையின் உரிமை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒரு பிள்ளைக்கு ஒரு சடங்கில் முன்னால் நிற்கும் உரிமை எனக்கு இந்த ஜென்மத்தில் வேறெங்கே கிடைக்கப்போகிறது? அன்றைக்கே அரக்குக் கலர் சேலையை அலுமாரியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டேன். ஆனால் அன்று எனக்கு மூன்றாம் நாள். பதினாறாம் நாளுக்குள் நின்றுவிடுமா நிற்காதா என்று என் புத்தியும் எண்ணத் தொடங்கிவிட்டது. அண்ணியைப் போலவே.

ஆறு நாள் கழித்து, பிள்ளைக்குச் சேலை எடுக்கக் கண்டிக்கு வந்த அண்ணி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். என் முகத்தைப் பார்த்தே ஒன்பதாம் நாளும் நிற்கவில்லை என்று தெரிந்துகொண்டார். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவர் வீடே தீட்டு வீடு. அங்கே ஒரு பிள்ளை மூலையில் தனித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வந்தால் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி, ஊருக்குச் சாப்பாடு. எனக்கு வந்தால் விறகுச் சாய்ப்பு. இரண்டும் ஒரே இரத்தம்தானே. இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் குடம் போய்விடும் என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டேன்.

சடங்கு நாளுக்குள் நிற்காவிட்டால் தன் தங்கச்சியை ஊற்றச் சொல்லலாம் என்று இருப்பதாக அண்ணி சொன்னார். பிறகு, எனக்கு நல்லது செய்கிற குரலில்:

"தங்கச்சி, ரத்தத்தத் தண்ணியாக்குற மாத்திரையப் போட்டுக்கிட்டே இருந்தா அது எப்படி நிக்கும்? ஒரு வாரம் விட்டுப் பாருங்க. தன்னால நின்னுடும்."

கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எங்கள் பெண்கள் நாளைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை வாங்கிப் போடுவது வழக்கம். அதை நான் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் முன்பே எச்சரித்திருந்தார்கள். தொடமாட்டேன், எனக்குப் புத்தி இருக்கிறது. ஆனால் ஒரு மாத்திரையைப் போடுவதுதானே ஆபத்து, போடாமல் இருப்பதில் என்ன ஆபத்து என்று அதே புத்தி எனக்குச் சொன்னது. எட்டொன்பது வருடம் போட்ட மருந்து ஒரு வாரத்தில் வற்றிப் போய்விடுமா என்றும் சொன்னது. பத்தாம் வகுப்புவரை விஞ்ஞானம் படித்து, அரசாங்கக் கந்தோரில் பைல் எழுதும் பெண்ணின் புத்தி இது. தூ.

என் புருஷன் தினமும் பின்னேரம் விளக்கேற்றியதும் மாத்திரை இரண்டையும் ஒரு சின்னப் பீங்கான் தட்டில் வைத்து, தண்ணீரோடு கொண்டு வந்து தருவார். அவர் முன்னால் வாயில் போட்டுக்கொள்வேன். பின்னால் போய், நாக்குக்கு அடியிலிருந்து எடுத்துக் கழிவுநீர்க் கானில் போடுவேன். நீலம் கரைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒன்பது நாள் இதைச் செய்தேன். நான்காம் நாள் இரத்தம் நின்றது. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலை முழுகினேன். சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. மற்றப் பெண்களைப் போல நானும் வெள்ளைத் துணி விரித்த கதிரையில் திரும்பிப் பார்க்காமல் எழும்பினேன். அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன், நான்தான் ஊற்றுகிறேன் என்று.

பதினாறாம் நாள் காலையில் குட்ஷெட்டில் பஸ் ஏறும்போதே மூச்சு வாங்கியது. நெரிசல் என்று நினைத்துக்கொண்டேன். கலகெதரவில் இறங்கி, அண்ணன் கடைக்குப் பக்கத்துப் படிகளில் ஏறும்போது மூன்று தடவை நின்றேன். புருஷன் கேட்டார், பஸ் வளைவில் தலை சுற்றிவிட்டது என்றேன். பொய் சொல்லப் பழகினால் எவ்வளவு லேசாக வருகிறது.

பின்முற்றத்தில் மனைப்பலகை போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். பதினாறு நாள் மூலையில் இருந்து வெளிறிப்போய், கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கி இருந்தாள். மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். இடுப்புவரை வந்தது, அதற்கு மேல் கை எழவில்லை. அண்ணி பார்த்துக்கொண்டு நிற்கிறார், அண்ணியின் தங்கச்சி பட்டுச் சேலையில் பக்கத்திலேயே தயாராக நிற்கிறாள். பல்லைக் கடித்துத் தூக்கி ஊற்றினேன். ஊற்றிவிட்டேன். குலவை போட்டார்கள். ஈரத்தோடு அவளைத் துண்டால் போர்த்தி நான் குனிந்தபோது, அவள் பழைய பழக்கத்தில் என் நெஞ்சில் தலையைச் சாய்த்தாள். சாய்த்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, ஒங்க சத்தம் கேக்கல."

ஒலிபெருக்கி போடுகிற கூச்சலில் எப்படிக் கேட்கும் என்றேன். தண்ணீர் ஊற்றும்போதே பாட்டை நிப்பாட்டிவிட்டார்கள் என்றாள். உண்மைதான். முற்றத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. என் நெஞ்சில் டிக் இல்லை. ஈரத் துணியை நிலத்தில் போட்ட மாதிரி, மொத், மொத் என்று ஏதோ உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் செய்ததை நினைத்தால்தான் எனக்கு என் மேல் அருவருப்பு அதிகம். எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே இரத்தக் கட்டி விழுந்து வால்வின் கதவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, செத்துப்போகலாம் என்று நன்றாக விளங்கிவிட்டது. விளங்கியும், அவளுக்குச் சேலை உடுத்தி மாலை போட்டு முடியும்வரை நின்றேன். நலங்கு வைக்கவும் உட்கார்ந்தேன். இப்போது எழும்பினால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் சபையில் என் தீட்டைப் பேசுவார்கள். உயிரைவிட அது பெரிதாக இருந்தது எனக்கு. அவள் மாத்திரம் பூச்சரத்துக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு இடையில் போய் உட்கார்ந்து, புருஷனைக் கூப்பிட்டனுப்பினேன். இருமினேன், நுரையாக வந்தது. அவரிடம் மாத்திரை போடவில்லை என்று சொன்னேன்.

"எத்தன நாள்?"

"ஒம்பது."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னேரந்தோறும் அந்தத் தட்டைக் கொண்டு வந்த தன் கையைப் பார்த்தார். போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். கண்டிக்குப் போய்ச் சேரும்வரை வளைவுகளில் நான் இடிபடாமல் என்னைத் தன்மேல் சாய்த்துப் பிடித்திருந்தார். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு நின்றது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். ஏன் மாத்திரையை விட்டாய் என்று சிங்களத்தில் கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். அப்போதும் பொய். என் புருஷன், இல்லை சேர், வீட்டில் ஒரு சடங்கு இருந்தது, அதற்காக இரத்தத்தை நிப்பாட்டப் பார்த்திருக்கிறாள் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். டொக்டருக்கு உடனே விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற வயதான நேர்ஸ் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவர் என் கால்வரை போர்வையை இழுத்துவிட்டார்.

கட்டியைக் கரைக்க ஊசி மருந்து ஏற்றினார்கள். மூளையில் இரத்தம் கசிந்தாலும் கசியும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். புருஷன் போட்டார். இரவும் பகலும் தெரியாமல் கிடந்தேன். அடுத்த நாள் மத்தியானம், வார்டில் சாப்பாட்டு வண்டி வந்து போன பிறகு, தலையணைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி மெல்லியதாய் டிக் என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எத்தனை வருடம் வெறுத்த சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அன்று பின்னேரமே கீழே நனைந்தது. கட்டில் விரிப்பெல்லாம் ஆகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நனைந்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்துத்தான் அண்ணி மகளையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். அடுக்குப் பாத்திரத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம், எல்லாம் உப்புக் குறைத்துச் சமைத்துக் கொண்டு வந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவராக இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். வாசற்படியில் நின்று பாத்திரத்தை நீட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"குளிச்சாச்சா தங்கச்சி?"

"இல்ல அண்ணி. எட்டாம் நாள். ஓடுது. இனிமே யாருக்காகவும் நிப்பாட்ட மாட்டேன்."

தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். அண்ணியின் முகம் சுருங்கியது. கையிலிருந்த பாத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் படியிலேயே வைத்தார். அதற்குள் அவருடைய முழங்கைக்குக் கீழால் நுழைந்து மகள் உள்ளே வந்துவிட்டாள். பாவாடை தாவணி போட்டிருந்தாள், பெரிய மனுஷியாம். நான் சாய்ந்திருந்த கட்டிலில் ஏறி, என்னைக் கேட்காமலே, நெஞ்சில் காதை வைத்தாள்.

தொட்டுவிட்டாயே, பஸ்ஸில் எப்படிப் போவது, வீட்டுக்குப் போய்த் தலை முழுகாமல் சாமியறைப் பக்கம் போகக் கூடாது, எழும்பு என்று வாசலில் நின்று அண்ணி ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் அசையவில்லை. கண்ணை மூடியிருந்தாள், உதடு மாத்திரம் அசைந்தது.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றாள். "எண்ணிக்கிட்டிருக்கேன்."